ஸ்பானிய மொழியில் ‘பிடிக்கும்’: குஸ்தா எங்கே, குஸ்தான் எங்கே?

திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளி விடுதிகளிலும் புறாத்தீவுக்குப் போகும் படகுகளிலும் வேலை செய்கிறவர்கள் ஸ்பானியம் படிக்கத் தொடங்கினால், முதலில் தேவைப்படுகிற வினை ‘பிடிக்கும்’தான். சாப்பாடு பிடிச்சுதா, அறை பிடிச்சிருக்கா, கடல்குளிப்பு விருப்பமா என்று கேட்காமல் ஒரு விருந்தினரோடு பேச்சு நகராது.

இந்த வினையைப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆங்கிலத்தில் விரும்புகிற ஆள் எழுவாய். ஸ்பானியத்தில் விரும்பப்படும் பொருள் எழுவாய். ஆகவே எல்லாவற்றையும் தலைகீழாக யோசிக்கச் சொல்லி நீண்ட விளக்கம் வரும். தமிழருக்கு அந்தச் சுற்றுவழி வேண்டியதில்லை. ‘எனக்கு இறால் பிடிக்கும்’ என்ற வசனத்தில் ‘நான்’ கிடையாது, ‘எனக்கு’தான் இருக்கிறது. ஸ்பானியமும் அதையேதான் செய்கிறது. தமிழிலிருந்து நேரே போங்கள். பாதி வேலை முடிந்துவிடும். மற்றப் பாதி ஒருமை, பன்மை. தமிழ் நம்மைக் கைவிடுவது அங்கேதான். ஆகவே பயிற்சி முழுவதையும் அங்கே வையுங்கள்.

முதலில் ஒலி

‘பிடிக்கும்’ என்பதற்கான ஸ்பானிய வினை ‘குஸ்தா’. அதைத் தனியே சொன்னால் முதல் எழுத்து ‘குண்டு’ என்பதில் வரும் கு. ‘மே குஸ்தா’ என்று சேர்த்துச் சொல்லும்போது அது ‘மகுடம்’ என்பதில் வரும் கு போல இளகும். அழுத்தம் ‘குஸ்’ மீது. இங்கே வசதிக்காக நெடிலில் எழுதியிருக்கிறோம். பேசும்போது கடைசி ஆ-வை இழுக்க வேண்டாம். ‘ன்தா’ என்று எழுதியிருக்கும் இடத்தில் ‘பந்தா’ போலச் சொல்லாமல், ‘பத்து’ என்பதில் வரும் வல்லின ஒலியோடு சொல்லுங்கள்.

ஒருமைக்குக் குஸ்தா, பன்மைக்குக் குஸ்தான். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரேயொரு ‘ன்’. வேகமாகப் பேசும்போது அதைத்தான் விழுங்கிவிடுகிறோம். நாக்கு நுனி மேற்பல்லின் பின்பக்கம் தொட்டு நிற்கும்வரை அடுத்த சொல்லுக்குப் போக வேண்டாம்.

முதல் படி: யாருக்கு?

எனக்கு – மே
உனக்கு – தே
அவருக்கு, அவளுக்கு, அவனுக்கு, ‘உங்களுக்கு’ என்று மரியாதையாக ஒருவரிடம் – லே
எங்களுக்கு, நமக்கு – நோஸ்
நெருக்கமான பலரிடம் ‘உங்களுக்கு’ – ஓஸ் (முக்கியமாக ஸ்பெயினில்)
அவர்களுக்கு, பலரிடம் ‘உங்களுக்கு’ – லேஸ்

இவை வினைக்கு முன்னால் வரும். விருந்தினர் ஒருவரானால் லே, இருவராக வந்தால் லேஸ். தென்னமெரிக்காவிலிருந்து வருகிறவர்களிடம் ஓஸ் சொல்ல வேண்டியதேயில்லை. அங்கே பலருக்கும் லேஸ்தான்.

இரண்டாம் படி: பொருள் ஒன்றா, பலவா?

‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’, ‘எனக்கு மாம்பழங்கள் பிடிக்கும்’. இரண்டிலும் ‘பிடிக்கும்’ மாறவில்லை. போதாததற்கு, பேச்சில் நாம் ‘கள்’ சேர்ப்பதும் குறைவு. ‘எனக்குக் கணவாய் நல்ல விருப்பம்’ என்பவர் ஒரேயொரு கணவாயை நினைத்துச் சொல்வதில்லை. ஆக, தமிழ் வசனத்தை அப்படியே மாற்றினால் எல்லாமே குஸ்தாவாகிவிடும். தமிழ் மாணவர்கள் செய்யும் பிழைகளில் இதுதான் முதலிடம்.

இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. பள்ளியில் படித்த ஒன்றன்பால், பலவின்பால் நினைவிருக்கும். எழுத்துத் தமிழில் இறந்த காலத்துக்குப் போனால் ‘கோயில் பிடித்தது’, ‘மான்கள் பிடித்தன’ என்று வினை பிரியும். சந்தேகம் வந்தால் வசனத்தை மனதுக்குள் அப்படி மாற்றிப் பாருங்கள். ‘பிடித்தது’ வந்தால் குஸ்தா. ‘பிடித்தன’ வந்தால் குஸ்தான்.

கோயில் பிடிக்கும்: மே குஸ்தா எல் தெம்ப்லோ.
மான்கள் பிடிக்கும்: மே குஸ்தான் லோஸ் சியெர்போஸ்.
இந்தக் கடற்கரை பிடிக்கும்: மே குஸ்தா எஸ்தா பிளாயா.
திமிங்கிலங்கள் பிடிக்கும்: மே குஸ்தான் லாஸ் பயேனாஸ். (முதல் ப, ‘பஸ்’ஸில் வரும் ப.)

ஆனால் ‘கள்’ இல்லாமல் பொதுவாகச் சொல்லும் பொருள்களில் இந்தச் சோதனை மட்டும் போதாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி: இதை எண்ணிச் சாப்பிடுகிறோமா, அளந்து சாப்பிடுகிறோமா?

அளக்கிறவை ஒருமை. சோறு, எல் அர்ரோஸ். மீன் உணவாக வரும்போது எல் பெஸ்காதோ. தேத்தண்ணி, எல் தே. கோப்பி, எல் காஃபே. எல்லாவற்றுக்கும் மே குஸ்தா.

எண்ணக்கூடியவை பொதுவாகச் சொல்லும்போது பன்மைக்குப் போகும். இறால், லோஸ் காமரோனேஸ். ஸ்பெயின்காரர் லாஸ் காம்பாஸ் என்பார்கள் (முதல் கா, ‘குண்டு’வின் க போல). கணவாய், லோஸ் காலமாரேஸ். முந்திரிகைப்பழம் (திராட்சை), லாஸ் ஊபாஸ். இவற்றுக்கு மே குஸ்தான்.

நம்மவர் அடிக்கடி வழுக்குவது பருப்பிலும் கடலையிலும். பருப்பு நமக்குக் கொத்தில் அளக்கிற பொருள். ஸ்பானியருக்கு அது எண்ணுகிற மணி. லாஸ் லென்தேஹாஸ், லோஸ் கார்பான்சோஸ், இரண்டுமே பன்மை. விருந்தினருக்குப் பருப்புக்கறி பரிமாறிவிட்டு ‘லே குஸ்தா லாஸ் லென்தேஹாஸ்?’ என்று கேட்டால் விளங்கும், ஆனால் பிழை. ‘லே குஸ்தான் லாஸ் லென்தேஹாஸ்?’ என்பதே சரி.

பெரிய பழங்களில் நிலைமை வேறு. அன்னாசி, பப்பாசி, வத்தகைப்பழம் எல்லாம் வெட்டித் துண்டாகத் தின்பவை. அதனால் ஒருமையில் சொல்வதே வழக்கம்: மே குஸ்தா லா பீன்யா. மாம்பழத்தை எல் மாங்கோ என்றும் சொல்லலாம், லோஸ் மாங்கோஸ் என்றும் சொல்லலாம். எதைத் தேர்ந்தாலும் வினை அதோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

சாப்பாட்டுக்கு வெளியே, தமிழில் ஒன்றாகவும் ஸ்பானியத்தில் பலவாகவும் இருக்கிற சில சொற்கள் உண்டு. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. கணிதம், லாஸ் மாத்தேமாத்திக்காஸ். விடுமுறை, லாஸ் பாக்காசியோனேஸ். செய்தி கேட்பது, பார்ப்பது என்ற பொருளில் லாஸ் நோத்தீசியாஸ். வெந்நீர்க் கிணறுகளுக்குப் பேர்போன கன்னியாவைப் பற்றிப் பேசுகிறவருக்கு வெந்நீரூற்று அவசியம்: லாஸ் ஆகுவாஸ் தெர்மாலேஸ். அதுவும் பன்மை. ஏழு கிணறுகளையும் தனியே குறிப்பிட்டால் லோஸ் சியெதே போசோஸ், பன்மைதான்.

நேர்மாறானது ‘லா ஹென்தே’, சனங்கள். நமக்குப் பலர், ஸ்பானிய இலக்கணத்தில் ஒருமை. ‘இந்த ஊர்ச் சனங்களைப் பிடிச்சிருக்கு’ என்று விருந்தினர் சொல்லும்போது ‘மே குஸ்தா லா ஹென்தே தே ஆகி’ என்றுதான் காதில் விழும். (ஆகியின் ‘கி’, ‘கிளி’யின் கி.)

ஆட்களின் எண்ணிக்கை வேறு, பொருளின் எண்ணிக்கை வேறு

இரண்டாவது பெரிய பிழை, ஓரளவு படித்தவர்களிடம் வருவது. ‘அவர்களுக்கு’ என்றதும் வினையையும் பன்மையாக்கிவிடுகிறார்கள். நான்கு வசனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

லே குஸ்தா லா பிளாயா – ஓர் ஆள், ஒரு கடற்கரை.
லே குஸ்தான் லாஸ் பிளாயாஸ் – ஓர் ஆள், பல கடற்கரைகள்.
லேஸ் குஸ்தா லா பிளாயா – பல ஆட்கள், ஒரு கடற்கரை.
லேஸ் குஸ்தான் லாஸ் பிளாயாஸ் – பல ஆட்கள், பல கடற்கரைகள்.

‘ஸ்’ ஆளை எண்ணுகிறது. ‘ன்’ பொருளை எண்ணுகிறது. ஒன்று மற்றதைப் பார்ப்பதேயில்லை. இந்த நான்கையும் தயங்காமல் சொல்ல வந்துவிட்டால் இந்த வினையின் எலும்புக்கூடு கைக்கு வந்துவிட்டது. கடற்கரையை எடுத்துவிட்டு அறை (லா ஆபித்தாசியோன், லாஸ் ஆபித்தாசியோனேஸ்), கோயில், பழம் என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். வாயால் சொல்ல வேண்டும். எழுதிப் பழகினால் மட்டும் வராது.

மூன்றாம் படி: பெயருக்கு முன்னால் எல், லா, லோஸ், லாஸ்

தமிழில் இதற்கு ஒப்பான சொல்லே இல்லை, அதனால் விட்டுவிடுகிறோம். ‘மே குஸ்தா காஃபே’ பிழை. ‘மே குஸ்தா எல் காஃபே’ சரி. குறிப்பிட்ட ஒரு கோப்பியைப் பற்றிப் பேசாமல், பொதுவாகக் கோப்பி என்றாலும் எல் வேண்டும்; ஏனென்றால் அந்தப் பெயர்தான் எழுவாய். இந்தச் சொல் பன்மையையும் உறுதிப்படுத்துகிறது: பிடித்த பொருளுக்கு முன் லோஸ், லாஸ் வந்தால் வினையில் ‘ன்’ வந்தே ஆக வேண்டும். வசனத்தைச் சொல்லி முடித்ததும் இந்த இரண்டையும் ஒருமுறை சரிபார்த்தால் பாதிப் பிழைகளை அங்கேயே பிடிக்கலாம்.

‘இந்த’, ‘என்’ போன்றவை வந்தால் எல், லா தேவையில்லை: மே குஸ்தா எஸ்தே தெம்ப்லோ, மே குஸ்தான் எஸ்தோஸ் தெம்ப்லோஸ். ஊர்ப்பெயருக்கும் தேவையில்லை: மே குஸ்தா திருகோணமலை.

இந்தக் கடைசி வசனத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழில் ‘எனக்குத் திருகோணமலையைப் பிடிக்கும்’ என்று ‘ஐ’ சேர்க்கிறோம். அந்த ‘ஐ’யை மொழிபெயர்க்கப் பார்த்து, பிடித்த பொருளுக்கு முன் ‘ஆ’ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போடவே கூடாது. இந்த வகை வசனத்தில் ‘ஆ’ என்பது நம் ‘கு’. அது பிடிக்கிற ஆளோடு மட்டும் ஒட்டும்.

நான்காம் படி: ஆளின் பெயரைச் சொல்வது

‘அம்மாவுக்குத் தேத்தண்ணி பிடிக்கும்.’ தமிழில் ‘அம்மாவுக்கு’ என்றால் போதும். ஸ்பானியத்தில் அம்மாவையும் சொல்ல வேண்டும், ‘லே’யையும் வைக்க வேண்டும்: ஆ மி மாத்ரே லே குஸ்தா எல் தே. ‘ஆ மி மாத்ரே குஸ்தா’ என்று நிறுத்தினால் வசனம் குறைப்பட்டு நிற்கும். லே-ஐ மட்டும் வைத்துப் பெயரை விடலாம். பெயரை வைத்து லே-ஐ விட முடியாது.

அழுத்திச் சொல்ல ‘ஆ மீ மே குஸ்தா’, எனக்கென்றால் பிடிக்கும். ‘உனக்கு’ என்பதற்கு ஆ தீ தே. லே யாரைக் குறிக்கிறது என்று தெளிவில்லாத இடத்தில் அவருக்கு ஆ எல், அவளுக்கு ஆ எயா, உங்களுக்கு ஆ உஸ்தேத். ‘அவர்’ என்ற இந்த எல் ‘ஆ’வோடு சேராது. ஆனால் பெயருக்கு முன்னால் வரும் ‘எல்’ ‘ஆ’வுக்குப் பின்னால் வந்தால் இரண்டும் ‘ஆல்’ என்று சேரும்: ஆல் ப்ரொஃபெசோர் லே குஸ்தா, ஆசிரியருக்குப் பிடிக்கும்.

‘எனக்கும்தான்’ என்று பதில் சொல்ல ‘ஆ மீ தாம்பியென்’. பிடிக்காததற்கு ஒத்துப்போக ‘ஆ மீ தாம்ப்போக்கோ’. இங்கே ‘நானும்’ என்ற பொருளில் ‘யோ தாம்பியென்’ சொல்வது பிழை. தமிழில் ‘எனக்கும்’ என்ற இடத்தில் ‘நானும்’ சொல்லாதது போலவேதான்.

இல்லை, மிகவும், கொஞ்சமும்

‘நோ’ எப்போதும் மே, தே, லேக்கு முன்னால்: நோ மே குஸ்தா. பெயரும் வந்தால் ஆ மி மாத்ரே நோ லே குஸ்தா. ‘மே நோ குஸ்தா’ என்று ஒருபோதும் வராது.

நல்ல விருப்பம் என்றால் மே குஸ்தா முச்சோ. துண்டறப் பிடிக்காது என்றால் நோ மே குஸ்தா நாதா. ‘மிகவும்’ என்று பொருள்படும் இன்னொரு சொல்லான ‘முய்’ இந்த வினையோடு சேராது. முச்சோ இங்கே வினையைத்தான் தழுவுகிறது, ஆகவே பொருள் பலவானாலும் அது மாறாது: மே குஸ்தான் முச்சோ லாஸ் பயேனாஸ்.

பொருளை ஏற்கெனவே சொல்லிவிட்டால் மறுபடி சொல்ல வேண்டாம். மான்களைக் காட்டி ‘தே குஸ்தான்?’ என்றால் போதும். ‘ன்’ ஒன்றே அவை பல என்று சொல்லிவிடும். ‘அதை’ என்ற பொருளில் ‘லோ’ சேர்ப்பது ஆங்கிலம் வழியாகப் படித்தவர்களின் பிழை. ‘பிடிக்கும்’ என்று வெறுமனே சொல்கிற தமிழர் அதில் விழ வேண்டிய காரணமே இல்லை.

செயல் பிடித்தால்

நீந்துவது, வாசிப்பது போன்றவற்றுக்கு எப்போதும் ஒருமை: மே குஸ்தா நாதார். இரண்டு மூன்று செயல் வந்தாலும் மே குஸ்தா நாதார் இ லேஎர். செயலுக்கு எல், லா வேண்டாம். ‘படங்கள் பார்ப்பது பிடிக்கும்’ என்பதில் படங்கள் பன்மையானாலும் பிடிப்பது பார்ப்பது, ஆகவே குஸ்தா.

இரண்டு பெயர்கள் வந்தால் கணக்கு வேறு. மே குஸ்தான் எல் தே இ எல் காஃபே. ஒவ்வொன்றும் ஒருமை, சேர்ந்தால் பன்மை. அளக்கிற பொருள்கள் வினைக்குப் பின்னால் வரும்போது ஸ்பானியர் வாயில் ஒருமையும் கேட்கலாம். கற்கிறவர் பன்மையை வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

நடந்து முடிந்ததைக் கேட்பது

புறாத்தீவிலிருந்து படகு திரும்பியதும் ‘லே குஸ்தா?’ என்று கேட்பது பொருத்தமில்லை. பிடித்ததா என்றுதான் கேட்க வேண்டும். ஒருமைக்கு குஸ்தோ, பன்மைக்கு குஸ்தாரோன். லே குஸ்தோ லா கோமீதா? – சாப்பாடு பிடிச்சுதா? லேஸ் குஸ்தாரோன் லோஸ் கோராலேஸ்? – பவளப்பாறைகள் பிடிச்சுதா? பிடித்தது, பிடித்தன சோதனை இங்கே நேராகவே பொருந்துகிறது.

இந்தக் குஸ்தோவில் அழுத்தம் கடைசி அசையில். அழுத்தத்தை முதல் அசைக்குக் கொண்டுபோனால் பொருள் தடம் மாறும்: ‘தே குஸ்தோ’ என்று முதல் அசையை அழுத்திச் சொன்னால் ‘உனக்கு என்னைப் பிடிக்கும்’ என்றாகிவிடும்.

முன்பெல்லாம் பிடிக்கும் என்பதற்கு குஸ்தாபா, குஸ்தாபான். மரியாதையாக ‘விரும்புவீர்களா’ என்று கேட்க லே குஸ்தாரியா: லே குஸ்தாரியா ஊன் தே?

ஆளைப் பிடிப்பது

இதில் கவனம் வேண்டும். ‘மே குஸ்தாஸ்’ என்று ஒருவரிடம் சொன்னால் காதல் விருப்பமாகவே எடுத்துக்கொள்வார்கள். நல்ல மனிசர், பழகப் பிடிச்சிருக்கு என்று சொல்ல வேறு வினை இருக்கிறது: மே காயே பியென். பலரானால் மே காயென் பியென். விருந்தினரோடு பழகுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை முதல் வாரத்திலேயே படித்துவிட வேண்டும்.

அதே அச்சில் வரும் வினைகள், வராத வினைகள்

திமிங்கிலம் என்றால் உயிர் என்பவர் மே என்கான்தான் லாஸ் பயேனாஸ் என்பார். என்கான்தா ஒருமை, என்கான்தான் பன்மை. அதிலேயே ‘மிகவும்’ அடங்கிவிட்டதால் முச்சோ சேர்க்க வேண்டாம். இன்தெரேசா, இன்தெரேசான் ஆர்வத்துக்கு. ஃபால்தா, ஃபால்தான் குறைவதற்கு: மேசையில் இரண்டு கரண்டி குறைந்தால் ஃபால்தான் தோஸ் குச்சாராஸ்.

நோவுக்கு துவேலே, துவேலென். தலை இடிக்குது: மே துவேலே லா காபேசா. பாதம் நோகுது: மே துவேலென் லோஸ் பியேஸ். ‘என் தலை’ என்று சொல்லத் தேவையில்லை. மே இருப்பதால் லா போதும்.

தமிழின் ‘எனக்கு’வை நம்பி இன்னும் தூரம் போனால் இடறும். எனக்குத் தெரியும், எனக்கு விளங்குது, எனக்கு வேணும், எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது, எனக்கு நேரம் இருக்கு: இவை அத்தனைக்கும் ஸ்பானியத்தில் ‘நான்’தான். சே, என்தியெந்தோ, கியெரோ, தெங்கோ ஆம்ப்ரே, தெங்கோ ஃப்ரீயோ, தெங்கோ தியெம்போ. இவற்றில் மே சேராது. இந்த ஆறையும் தனிப் பட்டியலாக வைத்துப் பிடிக்கும்-வகையோடு கலக்காமல் படியுங்கள்.

பயிற்சி

கீழே உள்ளவற்றை முதலில் விடையை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள்.

எங்களுக்குக் கன்னியா வெந்நீரூற்று பிடிக்கும். நோஸ் குஸ்தான் லாஸ் ஆகுவாஸ் தெர்மாலேஸ் தே கன்னியா. தமிழில் ஒருமை, ஸ்பானியத்தில் பன்மை.

என் தம்பிமாருக்குக் கடற்கரை விருப்பம். ஆ மிஸ் எர்மானோஸ் லேஸ் குஸ்தா லா பிளாயா. ஆட்கள் பலர், பொருள் ஒன்று, ‘ன்’ வராது.

அம்மாவுக்குப் பருப்பு பிடிக்காது. ஆ மி மாத்ரே நோ லே குஸ்தான் லாஸ் லென்தேஹாஸ். ஆள் ஒன்று, பொருள் பல.

(இருவரிடம்) திமிங்கிலங்கள் பிடிச்சுதா? லேஸ் குஸ்தாரோன் லாஸ் பயேனாஸ்?

எனக்குக் கால் இரண்டும் நோகுது. மே துவேலென் லாஸ் பியெர்னாஸ். ‘மிஸ் பியெர்னாஸ்’ என்று சொல்லாதீர்கள்.

எனக்குக் கொஞ்சம் ஸ்பானியம் தெரியும், பேச நல்ல விருப்பம். சே ஊன் போக்கோ தே எஸ்பான்யோல், இ மே குஸ்தா முச்சோ ஆப்லார். முதல் பாதியில் மே இல்லை, இரண்டாம் பாதியில் உண்டு. ஆப்லார் செயல் என்பதால் ஒருமை.